தக்காளி வேரில் நான் எழுதிய பொய்

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. பொய் சொன்னவன் நான்தான். அதை முதலிலேயே ஒத்துக்கொண்டால் மிச்சத்தை நிமிர்ந்து நின்று சொல்லலாம்.

போன மாதம் எங்கள் எட்டாவது பிளாக் மொட்டைமாடியில் கிறிஸ்டினா ஒரு தக்காளிச் செடியைப் பிடுங்கிப் போட்டாள். கன்டெய்னர் யார்டில் வேலை பார்ப்பவள். மாடியில் இருபத்திரண்டு பெயின்ட் பக்கெட்டுகளில் தக்காளி வைத்திருக்கிறாள். பிடுங்கிய வேரெல்லாம் உருண்டை உருண்டையாக வீங்கிக் கிடந்தது. எனக்குக் கை பரபரத்தது. அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. படம் எடுத்தேன், பத்திரிகைக்கு எழுதினேன்: ‘எண்ணூர் அனல்மின் நிலையச் சாம்பல் எங்கள் தக்காளியின் வேரில் கட்டியாக இறங்கிவிட்டது.’

நல்ல வாக்கியம். ஆளாளுக்குப் பகிர்ந்தார்கள். அந்தத் தக்காளியை வாங்கித் தின்ற பிளாக்காரர்கள் குடியிருப்போர் சங்கத்தில் புகார் கொடுத்தார்கள். சங்கச் செயலாளர் வால்டர் நோட்டீஸ் ஒட்டிவிட்டார்: ஞாயிறு காலை பத்து மணிக்கு மாடியில் கூட்டம், கை தூக்கி முடிவு. பெரும்பான்மை சொன்னால் பக்கெட்டுகள் அத்தனையும் குப்பை லாரிக்கு.

2

தொடக்கத்தைப் பல விதமாக எழுதிப் பார்த்தேன்.

‘கடற்காற்றில் சாம்பல் வாசனை...’ வேண்டாம். வடசென்னைக் கதை என்றால் முதல் வரியில் சாம்பல், இரண்டாம் வரியில் ரத்தம். போதும்.

‘பாவம், கிறிஸ்டினா ஒரு...’

[இந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. அவளே வந்து கதவைத் தட்டிவிட்டாள். கூடவே அவளுடைய அக்கா மகள் சாண்ட்ரா, தாவரவியல் எம்.எஸ்சி. படிப்பவள்.]

“இன்னா நைனா, எங்கைல ஒரு வார்த்த கேட்டியா நீ? உம்பாட்டுக்கு எழுதிகினு பூட்ட. கீய வூட்டு அம்மு என்னக் கண்டா புள்ளய இஸ்துகினு ஓடுது. வேர இவ காலேஜ்ல மிஷின்ல வச்சுப் பாத்துட்டா. புழுவாம்.”

“புழுவா?”

“ஆமா. ஊரு ஒலகத்துல தக்காளி போடற எல்லாருக்கும் வர்ற புழு. நம்ம ஏரியா செடிக்கு வர்ற நோவுகூட கம்பெனி குடுத்ததாத்தான் இருக்கணுமா? சாதாரணமா ஒரு நோவு வரக் கூடாதா? பத்து வருசமா யார்டுல இரும்பப் பாத்துப் பாத்து கண்ணு பூத்துப்பூச்சு. பச்சையா நான் பாக்கறது இது ஒண்ணுதான்யா.”

வெட்கமாக இருந்தது.

3

கண்ணுக்குத் தெரியாத நூற்புழு அது. மண்ணிலிருந்து வேர் நுனி வழியாக உள்ளே நுழைகிறது. இடம் பார்த்து உட்கார்ந்ததும், வாயிலுள்ள ஊசியால் பக்கத்துச் செல்கள் ஐந்தாறைக் குத்தி எச்சிலை இறக்குகிறது. அந்த எச்சிலில் உள்ள புரதங்கள் ‘செடியின் மரபணுவையே திருத்தி எழுதுகின்றன’ என்று எழுதியிருந்தேன். சாண்ட்ரா பேனாவைப் பிடுங்கி அந்த வரியை அடித்துவிட்டாள்.

“திருத்தி எழுதல அங்கிள். ஜீனு அப்டியேதான் கீது. எது ஆன், எது ஆஃப்னு மாத்துது. புழுவ எதுக்குற ஜீன அமுக்கிடும், வளர வைக்கிற ஜீன முடுக்கி வுட்ரும். உள்ள உட்கரு பிரிஞ்சுகினே கீது, செல்லு மட்டும் பிரியாது. பெருத்துகினே போயி புழுவுக்கு சோறு போடும். சுத்தி கீற செல்லுங்களும் சேந்து வீங்கும். அதான் முடிச்சு.”

“அப்போ அந்த முடிச்சைக் கட்டுறது செடியேதானா?”

“செடியேதான். சொந்த ஜீன வச்சே.”

(கிறிஸ்டினாவின் தக்காளியில் நானும் ஒன்றையும் மாற்றவில்லை. அதைப் பார்க்கிறவர்களுக்குள் எதை முடுக்குவது, எதை அமுக்குவது என்று மட்டும்தான் மாற்றினேன். ஒப்புமையை இத்தோடு நிறுத்துகிறேன். புழுவுக்காவது பசி இருந்தது.)

* அடிக்குறிப்பு, தயவுசெய்து தாண்டிப் போகாதீர்கள்: இந்தப் புழு வேரோடு சரி, பழத்துக்கு வராது. மனிதரை ஒன்றும் செய்யாது. இருபத்திரண்டில் நான்கு பக்கெட்டில்தான் இருக்கிறது. அந்த மண்ணை நனைத்து, பாலிதீன் போட்டு மூடி, கோடை வெயிலில் ஆறு வாரம் விட்டால் பெரும்பாலும் செத்துவிடும் என்கிறாள் சாண்ட்ரா.

4

உண்மையை எழுதி அனுப்பினேன். பத்திரிகை ஆசிரியர் போன் செய்தார். “புழு யாருக்கு சார் வேணும்? அந்தப் புழுவையே கம்பெனின்னு உருவகமா வச்சு எழுதிக் குடுங்க. அட்டைப்படமே போடறேன்.”

முடியாது என்றேன். சாம்பல் இல்லை என்று நான் சொல்லவில்லை. துவைத்த துணியை இங்கே வெளியில் காயப்போட்ட அத்தனை பேருக்கும் அது தெரியும். அதை எதிர்த்து இன்னும் எழுதுவேன், ஆதாரத்தோடு எழுதுவேன். பொய்யைத் தூக்கிக்கொண்டு போய் நின்றால், ஒரு புழுவைக் காட்டியே என் வாயை அடைத்துவிடுவார்கள். எனக்கு இன்னொரு கோபமும் உண்டு. எங்கள் ஊரில் தும்மல்கூட உருவகமாகத்தான் வரவேண்டுமாம். கிறிஸ்டினாவின் தக்காளி யாருக்கும் உருவகம் இல்லை. அது குழம்புக்கு.

5

முடிவுகள்.

ஒன்று: கூட்டத்தில் நான் மன்னிப்புக் கேட்கிறேன், எல்லோரும் கைதட்டுகிறார்கள். மன்னிப்பு சரி, கைதட்டல் சினிமா. அடித்துவிட்டேன்.

இரண்டு: லாரி வருகிறது, கிறிஸ்டினா ஒரு மூலையில் நின்று அழு— படித்துக் காட்டும்போதே நிறுத்திவிட்டாள். “நானா? அயுவறதா? லாரிக்கு முன்னாடி குந்திகினு கீறேன்னு எழுது.”

மூன்றாவது முடிவு என்னிடம் இல்லை. ஏனென்றால், வாசகரே, இது எந்தப் பத்திரிகையிலும் வரவில்லை. நாற்பத்தெட்டு ஜெராக்ஸ் எடுத்து, இந்தச் சனிக்கிழமை மத்தியானம் எட்டாவது பிளாக்கின் நாற்பத்தெட்டுக் கதவுக்கடியிலும் நானே தள்ளியிருக்கிறேன். நாளை கை தூக்கப்போகிறவர் நீங்கள்தான். வால்டர் சார், உங்களுக்கும் ஒன்று போட்டிருக்கிறேன்.

கிறிஸ்டினா சொன்னதை அப்படியே எழுதச் சொன்னாள்:

“நோவு வந்த நாலையும் தனியா வச்சிகீறேன், வேரோட பாருங்க. பாத்துட்டு மிச்சம் கீறதுல, நல்லா காய்ச்சுத் தொங்கற செடியா பாத்து நீங்களே ஒண்ணு புடுங்குங்க. எதுன்னாலும் சரி, நான் தடுக்க மாட்டேன். அந்த வேரையும் பாருங்க. அப்பறம் தூக்குங்க கைய.”

நான் முதல் ஆளாக எழுந்து, எழுதியது பொய் என்று சொல்வேன். அதற்குப் பிறகு எத்தனை கை உயரும் என்று எழுத எனக்கு உரிமை இல்லை. காய்த்த செடியைப் பிடுங்கினால் மறுபடி பிழைக்காது. அது தெரிந்துதான் அவள் கூப்பிடுகிறாள். மேலே வாருங்கள். பிடுங்குங்கள்.