அபிசன் பதிவு செய்த பயணம்

பஸ் வாசலில் நின்ற வழிகாட்டிப் பெண் பெயர்களைப் படித்தாள். சச்சிதானந்தன் என்பதைத் துண்டு துண்டாக உடைத்து, உதயகுமாரியை ஓரளவு சரியாகச் சொல்லி, மூன்றாவதாக “அபிசன்?” என்று கேட்டபடி அவர்களுக்குப் பின்னால் பார்த்தாள். பின்னால் இத்தாலியின் லூக்கா நகரத்துப் பழைய மதில்தான் இருந்தது.

“அவர் வரவில்லை” என்று ஆங்கிலத்தில் சொன்னார் சச்சிதானந்தன். அவள் சிரித்துத் தலையாட்டி அந்தப் பெயரைக் கோடு போட்டு வெட்டினாள்.

ஜனவரியில் அவர்களது மகன் அபிசன்தான் இந்தப் பயணத்தைப் பதிவு செய்தான். துரொண்ட்ஹெய்ம் நகரத்தில் பொறியியல் படிப்பின் கடைசி வருடம். அம்மா ஒஸ்லோவின் புருசெத்தில் நாலாம் மாடி பல்கனியில் பூந்தொட்டிகளோடு வருடா வருடம் மல்லுக்கட்டுகிறாள், ஒரு நாளாவது பெரிய தோட்டங்களைப் பார்க்கட்டும் என்று அவனுக்கு ஆசை. இத்தாலிய நாட்டுப்புறத்தில் பிரபுக்கள் வாழ்ந்த மாளிகைகள், தோட்டங்கள், நடுவில் மதியச் சாப்பாடு. மே மாதத்தில் மூன்று பேருமாகப் போவதாக இருந்தது. மார்ச்சில் நண்பர்களோடு மலைக்குப் பனியில் சறுக்கப் போனான். பனி சரிந்தது. மற்ற இருவரையும் உயிரோடு எடுத்தார்கள்.

எல்லாவற்றையும் நிறுத்திவிடலாம் என்றுதான் சச்சிதானந்தன் சொன்னார். “அவன் போகச் சொன்ன இடம். போவம்” என்று உதயகுமாரி சொன்னபோது அவருக்கு மறுக்கத் தெரியவில்லை.

முதல் மாளிகை மஞ்சள் சுவரும் பச்சை யன்னல் கதவுகளுமாக வெயிலில் நின்றது. வேலிச்செடிகளை மதில் போல வெட்டி, அவற்றுக்கு நடுவே நாடகம் போட ஒரு திறந்தவெளி அரங்கே வைத்திருந்தார்கள். எல்லோரும் படம் எடுத்தார்கள். உதயகுமாரிக்கு எல்லாம் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருப்பது போல இருந்தது. பெரிய மண்சாடிகளில் எலுமிச்சை மரங்கள் காய்த்திருந்தன. பக்கத்தில் நீளமான ஒரு கட்டடம் வெறுமையாகக் கிடந்தது. பனிக்காலம் தொடங்குவதற்குள் ஒவ்வொரு சாடியாகச் சுமந்து அதற்குள் வைத்துவிடுவார்களாம்.

“குளிர் பட முந்தி உள்ளுக்கை கொண்டுபோய் வைக்கினமாம்” என்றாள் உதயகுமாரி. சச்சிதானந்தன் சாடியின் விளிம்பைத் தடவிக்கொண்டு நின்றார்.

மதியம், நீள மேசையில் அவர்களுக்கு எதிரே ஒரு தமிழ்ப் பெண் வந்து உட்கார்ந்தாள். பெயர் வசுமதி, கோயம்புத்தூர். மிலானில் வேலை செய்யும் மகளைப் பார்க்க வந்தவள்.

“நீங்க சிலோன் தானே? பேச்சுலயே தெரிஞ்சுது. எத்தனை பசங்க?”

“ஒரு மகன். துரொண்ட்ஹெய்மில படிக்கிறான்” என்றாள் உதயகுமாரி.

சச்சிதானந்தனின் முள்ளுக்கரண்டி தட்டிலேயே நின்றது.

இரண்டாவது மாளிகையின் படிகளில் இறங்கும்போது அவர் மெதுவாகக் கேட்டார். “ஏன் அப்பிடிச் சொன்னனீர்?”

“வாயில வந்திட்டுது.” கொஞ்சத் தூரம் நடந்த பிறகு சொன்னாள். “அந்த மனிசிக்கு மட்டும் அவன் இருக்கட்டுமப்பா. இண்டைக்கு மட்டும்.”

ஒஸ்லோவில் இப்போது யாரும் அவன் பெயரைச் சொல்வதில்லை. வீட்டுக்கு வருகிறவர்கள் தேத்தண்ணியைப் பார்த்துக்கொண்டு காலநிலையைப் பற்றிக் கதைப்பார்கள். புருசெத் கடைத்தெருவில் தெரிந்தவர்கள் அவளைக் கண்டதும் வேறு பக்கம் திரும்பிவிடுவார்கள். அவர்களது துக்கம் தெரியாத ஒரே ஆள் இந்த வசுமதிதான்.

அவள் நீரூற்றடியில் மறுபடி வந்து சேர்ந்துகொண்டாள். “லீவுக்கு வருவாரா உங்க பையன்?”

உதயகுமாரி வாயைத் திறப்பதற்குள் சச்சிதானந்தன் சொன்னார். “ஜூனில வருவான். வந்தா குசினிக்குள்ள எங்களை விடமாட்டான். தானே சமைப்பான்.”

“என்ன சமைக்கிறவன்? எல்லாத்துக்கும் சீஸ் போடுவான்” என்றாள் உதயகுமாரி.

“புட்டுக்குமா?” என்று வசுமதி கேட்க, “ஓம், புட்டுக்கும்” என்று இருவரும் ஒன்றாகச் சொன்னார்கள். சச்சிதானந்தன் சிரித்துவிட்டார். மார்ச்சுக்குப் பிறகு அந்தச் சத்தத்தை உதயகுமாரி கேட்டதில்லை. அவளுக்குப் பயமாக இருந்தது.

“என் தங்கச்சி பையனுக்கும் அதே ஊர்லதான் சீட் கிடைச்சிருக்கு. ஆகஸ்ட்ல போறான், யாரையுமே தெரியாது” என்றாள் வசுமதி. “உங்க பையன் நம்பர் கொடுங்களேன்.”

நீர் விழும் சத்தம் திடீரென்று பெரிதாகக் கேட்டது.

“அவனுக்கு இப்ப சோதினை நேரம்...” என்று சச்சிதானந்தன் இழுத்தார். உதயகுமாரி அதற்குள் இலக்கங்களைச் சொல்லத் தொடங்கிவிட்டாள். ஒன்றும் பிசகவில்லை. அவர் அவளது கையைப் பிடித்தார். அவள் கடைசி இலக்கம் வரை சொல்லி முடித்தாள்.

“வந்துட்டாரு பாருங்க” என்று வசுமதி போனைத் திருப்பிக் காட்டினாள். வாட்ஸ்அப்பின் சின்ன வட்டத்துக்குள் அபிசன், அவர்களது குசினியில் நின்று சிரித்தான். வட்டத்தின் ஓரத்தில் நீலக் கம்பளிச் சட்டை போட்ட தோள் ஒன்று. அது உதயகுமாரியின் தோள். “அப்படியே உங்க ஜாடைங்க” என்றாள் வசுமதி.

பிறகு இருவரையும் நீரூற்றுக்கு முன்னால் நிறுத்திப் படம் எடுத்து, அந்த இலக்கத்துக்கு அனுப்பினாள். “ஒரு டிக் தான் விழுது. க்ளாஸ்ல இருப்பாரு.”

“ஓம்” என்றார் சச்சிதானந்தன்.

“வடிவாப் பாத்திட்டுத் தாறன்” என்று உதயகுமாரி போனை வாங்கினாள். வட்டத்தைத் தொட்டதும் அவன் முகம் பெரிதானது. வழிகாட்டிப் பெண் பஸ்ஸடியில் நின்று எல்லோரையும் கூப்பிட்டாள். மற்றவர்கள் சரளைக்கல் நெரிபட நடந்து போனார்கள். வசுமதி கையை நீட்டியபடி நின்றாள். திரை மெல்ல மங்கியது. உதயகுமாரி விரலால் தொட்டாள், வெளிச்சம் வந்தது. மறுபடி மங்கியது. மறுபடி தொட்டாள்.