ராஜபாண்டியின் வருகைப் பதிவு

ராஜபாண்டி இறந்த பிறகு பதின்மூன்று ஆண்டுகள் கல்லூரிக்குப் போனான். அவனுடைய வருகை எந்த ஆண்டிலும் தொண்ணூறு சதவீதத்துக்குக் கீழே இறங்கவில்லை. மாட்டுங்காவில், கிங்ஸ் சர்க்கிளுக்குப் பின்னால், அந்தக் கல்லூரியை நம்பியே ஒரு சந்து பிழைக்கிறது. இரண்டு ஜெராக்ஸ் கடை, ஒரு மெஸ், மாடியில் டியூஷன் வகுப்புகள், ஒரு வடாபாவ் வண்டி, மூலையில் பூக்கடை. ஜூனில் சந்து நிறையும். ஏப்ரலில் காலியாகும். மே மாதம் வடாபாவ்காரர் வண்டியைத் தார்ப்பாயால் மூடிவிட்டு ஊருக்குப் போய்விடுவார். அந்தச் சந்தில் யாரைக் கேட்டாலும் ராஜபாண்டியைப் பற்றி மறைக்காமல் சொல்வார்கள். உயரமான பையன், சட்டை எப்போதும் ஈரமாக இருக்கும், எதை ஜெராக்ஸ் எடுத்தாலும் இரண்டு பிரதி கேட்பான் என்பார்கள்.

தாராவி தொண்ணூறு அடி சாலையிலிருந்து காலைக் கல்லூரிக்கு வரும் பையன்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. வகுப்பு ஏழு மணிக்கு. குழாயில் தண்ணீர் வருவதும் வீட்டுத் தொழில் சூடு பிடிப்பதும் அதே நேரத்தில்தான். அதனால் இரண்டு இரண்டு பேராகச் சேர்ந்துகொண்டு, ஒருவன் வராத நாளில் மற்றவன் அவன் குரலில் வருகை சொல்லிவிடுவான். ராஜபாண்டியும் இசக்கிதுரையும் அப்படி ஒரு ஜோடி, அடுத்தடுத்த வீடு. ராஜபாண்டியின் அம்மா முருகம்மாள் விதவை, இட்லி வியாபாரம். விடிவதற்குள் அவித்து முடித்த இட்லியை ராஜபாண்டி இரண்டு பாத்திரங்களில் திலக் நகருக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு ரயிலில் திரும்பி வருவான். பெரும்பாலும் தாமதமாகிவிடும். அவனுக்குக் கனத்த குரல், இசக்கிதுரைக்குச் சன்னக் குரல். ஒருவன் குரலை மற்றவன் ஒரு வாரம் மொட்டை மாடியில் உட்கார்ந்து பழகிக்கொண்டான். முதல் வகுப்பு எடுத்த பேராசிரியர் வேங்கடசுப்ரமணியன் எண்ணைச் சொல்லிக் கூப்பிடுகிறவர் அல்ல. முழுப் பெயரையும் கூப்பிடுவார், குரல் வந்தால் எழுதுவார். ஒருமுறை எழுதியதை அவர் அடித்ததே இல்லை.

இரண்டாயிரத்துப் பதினொன்று ஜூலையில் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை ஆறு ஐம்பதுக்கு, சுனாபட்டி ஸ்டேஷன் தாண்டியதும் ராஜபாண்டி ரயிலிலிருந்து விழுந்து இறந்தான். நல்ல மழை. ஏழே காலுக்கு வகுப்பில் பெயர் கூப்பிட்டார்கள். இசக்கிதுரை முதலில் தன் பெயருக்குச் சொன்னான். பிறகு, இறந்து இருபத்தைந்து நிமிடமான நண்பனுக்கும் கனத்த குரலில் பிரசன்ட் சார் என்றான். பேராசிரியர் எழுதினார். சற்று நேரத்தில் ராஜபாண்டி பின்கதவு வழியாக வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. பேனா கேட்டான், இசக்கிதுரை கொடுத்தான். மூன்றாவது வகுப்பில் பியூன் வந்து இசக்கிதுரையை வெளியே கூப்பிட்டு, போலீஸ் போன் செய்த விஷயத்தைச் சொன்னார். அவன் திரும்பிப் பார்த்தபோது ராஜபாண்டி வணிகச் சட்டக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தான். இசக்கிதுரை ஆஸ்பத்திரிக்கு ஓடினான். அங்கேயும் அவனைப் பார்த்தான். இரண்டு இடத்திலும் அதே கட்டம் போட்ட சட்டை.

தகனம் அன்று மாலையே முடிந்தது. இரண்டு வாரம் கழித்து இசக்கிதுரை வகுப்புக்குத் திரும்பியபோது பக்கத்து இடம் காலியாக இருந்தது. இறப்புச் சான்றோடு மனு கொடுத்தால்தான் அலுவலகத்தில் பெயரை நீக்குவார்கள். முருகம்மாள் கொடுக்கவில்லை. பெயர் கூப்பிட்டார்கள். யோசிப்பதற்குள் வாய் பழக்கத்தில் சொல்லிவிட்டது. கனத்த குரல் அடங்குவதற்குள் ராஜபாண்டி பின்கதவில் நின்றான், ஈரமாக. அன்று மத்தியானம் இசக்கிதுரை முருகம்மாளிடம் போய்ச் சொன்னான். அவள் அழவில்லை, சந்தேகப்படவுமில்லை. சாப்பிட்டானா என்று மட்டும் கேட்டாள். மறுநாள் பத்தே முக்கால் இடைவேளைக்கு டிபன் கேரியருடன் வாசலில் நின்றாள். ராஜபாண்டி வந்தான், அல்தாபின் ஜெராக்ஸ் கடைப் படியில் உட்கார்ந்து ஏழு இட்லி சாப்பிட்டான், சட்னியில் உப்பு கூட என்றான், மணி அடித்ததும் உள்ளே போனான். பூக்கடையைத் தாண்டி அவனால் வர முடியாது. பன்னிரண்டு பத்துக்குக் கடைசி வகுப்பு முடிந்தால் இருக்க மாட்டான். மறுபடி பெயர் கூப்பிடும்வரை எங்கே இருந்தான் என்று அவள் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை.

இதற்கு ஒரு கணக்கு இருந்தது. அதை இசக்கிதுரை அந்த வாரமே தெரிந்துகொண்டான். ராஜபாண்டிக்குச் சொல்லப்போகும் நாளில் தன் பெயருக்கு இசக்கிதுரையின் தொண்டை திறக்காது. பட்டியலில் இசக்கிதுரையின் பெயர்தான் முதலில் வரும். முதல் பெஞ்சில் உட்கார்ந்தாலும், எழுந்து நின்று கையை ஆட்டினாலும், சத்தம் வரவில்லை. பேராசிரியர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துவிட்டு ஆப்சென்ட் போட்டார். துண்டுச் சீட்டில் எழுதிக் கொண்டுபோய்க் காட்டியபோது அவர் கோபிக்கவில்லை.

“கூப்பிட்டா சொல்லணும். சொன்னவன் வந்தவன், சொல்லாதவன் வராதவன். இருபது வருஷமா எனக்கு வேற விதி தெரியாது” என்றார்.

ஆண்டு முடிவில் இசக்கிதுரையின் பெயர் வருகை போதாதவர்கள் பட்டியலில் முதலாவதாக ஒட்டப்பட்டது. பரீட்சை எழுத விடவில்லை. ராஜபாண்டிக்கு வருகை இருந்தது, ஆனால் பரீட்சை ஹாலில் பெயர் கூப்பிடுவதில்லை, கையெழுத்துத்தான். அதனால் அவனால் வர முடியவில்லை. இரண்டு பேரும் முதலாண்டிலேயே நின்றார்கள். ஒவ்வொரு ஜூனிலும் கிளார்க் அந்த இரண்டு பெயர்களையும் புதிய பதிவேட்டின் அடியில் சிவப்பு மையில் எழுதினார்.

கல்லூரி தன் போக்கில் நடந்தது. டிசம்பரில் விழா வந்தது, பெண்கள் புடவையில் வந்தார்கள், பையன்கள் கடன் வாங்கிய டையோடு நின்றார்கள், மேடைப் பாட்டின் சத்தத்தில் எதிர் மாடிக்காரர்கள் ஜன்னலை அடைத்தார்கள். மெஸ்ஸில் சாம்பார் நீர்த்தது. ஜெராக்ஸ் கடைக்குப் புது மெஷின் வந்தது. ராஜபாண்டிக்கு மட்டும் பதினெட்டு வயது தாண்டவில்லை. ஒவ்வொரு புதுக் கூட்டமும் அவனைத் தங்களில் ஒருவனாக எடுத்துக்கொண்டது, அடுத்த ஜூனில் மறந்துபோனது. இசக்கிதுரைக்கு மஞ்சள் காமாலை வந்து ஒன்பது நாள் படுத்தபோது வேறு பையன்கள் கனத்த குரலில் சொல்லிப் பார்த்தார்கள். பேராசிரியர் எழுதிக்கொண்டார், ஆள் வரவில்லை. ஒன்பது நாளும் முருகம்மாள் கேரியரைத் திறக்காமல் திருப்பி எடுத்துப் போனாள்.

இசக்கிதுரைக்குப் பேசி வைத்திருந்த பெண் அவன் தாய்மாமன் மகள் மாரீஸ்வரி. பி.காம். முடிக்கட்டும், கல்யாணம் வைத்துக்கொள்ளலாம் என்று இரு வீட்டிலும் பேச்சு. அவள் இவனுக்குப் பின்னால் படிப்பைத் தொடங்கி முன்னால் முடித்து ஐரோலியில் ஓர் அலுவலகத்தில் வேலைக்கும் சேர்ந்துவிட்டாள். நாலு வருஷம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாஹிம் பக்கம் கடலைப் பார்க்கப் போன இடத்தில், கேட்டாள்.

“ஒரு நாளு உங்க பேரச் சொல்லிப் பாருங்களேன் அத்தான். செத்தவனுக்கு ஒரு லீவுகூடக் கிடையாதா?”

மறுநாள் அவன் சொன்னான். இன்று ராஜபாண்டிக்குச் சொல்வதில்லை என்று மனதுக்குள் முடிவு செய்துகொண்டு போனதால் தொண்டை திறந்தது, சன்னக் குரல் வந்தது, பேராசிரியர் நிமிர்ந்து பார்த்துவிட்டு எழுதினார். பின்னால் ராஜபாண்டியின் பெயரைக் கூப்பிட்டபோது இசக்கிதுரை பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு சும்மா இருந்தான். அன்று அக்டோபர் வெயில். இடைவேளைக்கு ஜன்னல் வழியாகப் பார்த்தான். முருகம்மாள் வாசலில் நின்றாள். கடைசி மணி அடித்து அவன் இறங்கி வந்தபோதும் நின்றாள். அல்தாப் போட்டுக் கொடுத்த ஸ்டூலில் அவள் உட்காரவில்லை.

“இன்னைக்கு வரலயாப்பா?” என்றாள்.

“வரல பெரியம்ம. நாளைக்கு வருவான்” என்றான் இசக்கிதுரை.

அவன் தன் பெயருக்குச் சொன்னது நான்கு ஆண்டுகளில் அந்த ஒரு நாள்தான். மாரீஸ்வரி மேலும் மூன்று ஆண்டுகள் காத்திருந்தாள். அப்புறம் ஐரோலியிலேயே ஒரு மாப்பிள்ளை அமைந்தது. பத்திரிகை கொடுக்க வந்தவள் எதுவும் குறை சொல்லவில்லை, அவசியம் வரணும் அத்தான் என்றாள். அவன் போனான். பரிசு கொடுக்கும் வரிசையில் நின்று மேடை ஏறி அவள் எதிரில் நின்றான். அவள் அவன் தோளுக்குப் பின்னால் இருந்தவரைப் பார்த்துச் சிரித்தாள். போட்டோவில் அவன் நின்ற இடத்தில் பின்திரையின் ஜரிகைப் பூ தெளிவாக விழுந்திருந்தது.

அது திடீரென்று வந்ததல்ல. தினமும் இல்லை இல்லை என்று எழுதப்பட்டு வந்தவன் கொஞ்சம் கொஞ்சமாக இல்லாமல் போனான். முதலில் பஸ் கண்டக்டர்கள் டிக்கெட் கேட்பதை விட்டார்கள். ரேஷன் கார்டு புதுப்பித்து வந்தபோது அவன் பெயர் இல்லை. ஆட்டோக்கள் அவன்மேல் மோதாமல் இருக்க அவனேதான் ஒதுங்க வேண்டியிருந்தது. வீட்டில் அவன் பேசினால் மட்டும் திரும்பிப் பார்த்தார்கள். பேசுவதற்கு அவனிடம் அதிகம் இல்லை. லாக்டவுனில் வகுப்பு போனுக்கு மாறியது. பேராசிரியர் அங்கேயும் முழுப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார், இசக்கிதுரை அங்கேயும் கனத்த குரலில் பதில் சொன்னான். உடனே திரையில் ராஜபாண்டி என்று ஒரு கறுப்புக் கட்டம் தோன்றும். முருகம்மாளுக்கு எழுத்து தெரியாது. எந்தக் கட்டம் என்று அவன் விரலால் தொட்டுக் காட்டுவான். ஒன்றரை ஆண்டு அவள் அந்தக் கறுப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

இரண்டாயிரத்து இருபத்து நான்கு மார்ச்சில் தாராவியில் வீடுகளை எண்ணிப் படமெடுக்க ஆட்கள் வந்தார்கள். இடித்துக் கட்டும்போது யாருக்கு வீடு என்பது இந்தக் கணக்கில்தான் முடிவாகும் என்று பேச்சு. இசக்கிதுரையின் வீட்டில் நான்கு பேர் என்று எழுதினார்கள்: அப்பா, அம்மா, தம்பி, தம்பி மனைவி. அவன் கதவோரம் நின்று ஆதார் அட்டையை நீட்டிக்கொண்டே இருந்தான். ஐந்து பேர், என் மூத்தவன் இருக்கான் என்று அவன் அம்மா மூன்று முறை சொன்னாள். எங்கே என்று கேட்டார்கள். அவள் வீடு முழுக்கத் தேடினாள், அவனைத் தாண்டித் தாண்டிப் போய். பக்கத்து வாசலில் இட்லித்தட்டு துடைத்துக்கொண்டிருந்த முருகம்மாள் இதைப் பார்த்தாள். அவள் கண்ணுக்கு மட்டும் அவன் அன்றும் தெரிந்தான்.

அந்த ஏப்ரலோடு பேராசிரியர் ஓய்வு பெறுவதாக இருந்தது. ஜூனிலிருந்து பெயர் கூப்பிடும் வேலையே இல்லை, வாசலில் முகத்தைப் பார்த்துப் பதிந்துகொள்ளும் மெஷின் வருகிறது என்று நோட்டீஸ் ஒட்டினார்கள். கடைசி வகுப்புக்கு முந்தின நாள் மாலை முருகம்மாள் இசக்கிதுரையைத் தேடி மொட்டை மாடிக்கு ஏறி வந்தாள். அவளுக்கு மூட்டுவலி, பாதிப் படியில் நின்று நின்று வந்தாள். நாளைக்குத்தான் கடைசி, நாளைக்கு இசக்கிதுரை எழுதப்படாவிட்டால் பிறகு எங்கேயும் எழுதப்பட மாட்டான் என்பது அவளுக்கும் புரிந்திருந்தது.

“ஏலே துரை. பதிமூணு வருசமா நான் எம் புள்ளயப் பாத்தேன். ஒங்கம்ம அவ புள்ளயப் பாக்கல. நாளைக்கு ஒம் பேரச் சொல்லு.”

“கடைசி நாளு பெரியம்ம. அவன ஒருக்கப் பாத்துக்கிட வேண்டாமா?”

“வேண்டாம். அவங்கிட்ட நான் சொல்லிக்கிடுதேன்.”

தன் பெயர் எழுதப்பட வேண்டும் என்று இசக்கிதுரைக்கு அன்று ஆசை வந்தது. அந்த ஆசையை அவன் பல ஆண்டுகளாக வைத்துக்கொண்டதில்லை. காலையில் குளித்துப் புதுச் சட்டை போட்டுக்கொண்டு முதல் பெஞ்சின் நடுவில் உட்கார்ந்தான். பேராசிரியர் கடைசி நாள் என்பதற்காக எதையும் மாற்றவில்லை. வரிசையாகக் கூப்பிட்டு, அடியில் இருந்த சிவப்பு மைக்கு வந்தார். இசக்கிதுரை என்றார். தொண்டை திறந்தது. பிரசன்ட் சார் என்று தன்னுடைய சன்னக் குரலிலேயே சொன்னான். அது அவனுக்குக் கேட்டது. பேராசிரியர் கண்ணாடிக்கு மேலாக நிமிர்ந்து, முதல் பெஞ்சைப் பார்த்து, வகுப்பு முழுவதையும் பார்த்து, ஒரு நிமிடம் காத்திருந்தார். அவர் அநியாயம் செய்கிறவர் அல்ல, இன்னொரு முறையும் கூப்பிட்டார். அவனும் இன்னொரு முறை சொன்னான், பிறகு கத்தினான். அவர் ஆப்சென்ட் போட்டுவிட்டு ராஜபாண்டி என்றார். யாரும் பதில் சொல்லவில்லை. அதற்கும் ஆப்சென்ட் போட்டுப் பதிவேட்டை மூடினார்.

முருகம்மாள் கேரியர் இல்லாமல் வாசலில் நின்றாள். துரை எழுதப்பட்டு வெளியே வருவதைப் பார்க்கவே வந்திருந்தாள். கூட்டம் இறங்கி வந்து வடாபாவ் வண்டியைச் சுற்றி நின்று கலைந்தது. அவளுக்கு மிக அருகில் யாரோ வந்து நின்றதுபோல இருந்தது, ஆனால் அவள் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. துரை, வந்துட்டியாப்பா என்று கேட்டாள். அல்தாப் மட்டும் கடைக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தார். அவள் நடந்தே தாராவிக்குத் திரும்பி, இசக்கிதுரையின் அம்மாவிடம் போய் உட்கார்ந்து, நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள். அந்த அம்மா ஏசுவாள் என்று எதிர்பார்த்தாள். அவள் குடிக்கத் தண்ணீர் கொடுத்தாள்.

மே மாதம் முடியும்வரை வீட்டார் பொறுத்திருந்தார்கள். பிறகு ஊர்ச் சங்கத்துப் பெரியவர்கள், இப்படியே விட்டால் தம்பி வீட்டுக்கும் நல்லதில்லை, காரியத்தை முடித்துவிடுங்கள் என்றார்கள். சங்கத்து ஹாலில் வைத்தார்கள். கீழே அடுக்கியிருந்த நாற்காலிகள் காலையில் தாமாகவே மாடிக்கு வந்திருந்தன. தூக்குகிற ஆளுக்குச் சொல்லி வைத்தவர் வேண்டாம் என்று திருப்பி அனுப்பினார். மாரீஸ்வரி ஐரோலியிலிருந்து கணவனோடும் குழந்தையோடும் வந்திருந்தாள். பந்தி போட்டபோது அவன் அம்மா கடைசியில் ஓர் இலை கூடப் போடச் சொன்னாள். முருகம்மாள்தான் பரிமாறினாள். எல்லா இலைக்கும் இரண்டாம் முறை வைத்துக்கொண்டே கடைசி இலைக்கு வந்தபோது அதில் முன்பு வைத்த சோறு தீர்ந்திருந்தது. இன்னும் கொஞ்சம் வைக்கட்டுமா என்று கேட்டுக் கரண்டியை நீட்டினாள். இலைக்கு மேல் ஒரு சாண் உயரத்தில் கரண்டி எதிலோ தட்டி நின்றது. போதுமா, சரி என்று சொல்லிவிட்டு, ரசம் கொண்டுவர உள்ளே போனாள்.