நாலில் மட்டும் வரும் காற்று

கண்ணாடி பாட்டில் செய்யும் கம்பெனியில் அவனுக்கு லென்ஸ் என்று பெயர். வரிசையில் வரும் பாட்டில்களை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, மயிரிழை விரிசலைக்கூடக் கண்டுபிடித்து ஒதுக்குவது அவன் வேலை. ஒதுக்கினால் மட்டும் போதாது. படிவத்தில் 'காரணம்' என்று ஒரு கட்டம் இருக்கும், அதையும் நிரப்ப வேண்டும். பன்னிரண்டு வருடத்தில் அந்தக் கட்டத்தை அவன் ஒருநாளும் காலியாக விட்டதில்லை.

அப்படிப்பட்டவனுக்குப் பெண் குழந்தை பிறந்தது, எட்டு வாரம் முன்னதாகவே. "சில சமயம் இப்படி ஆயிடும். குறிப்பா ஒரு காரணமும் சொல்ல முடியாது" என்றார் டாக்டர். லென்சுக்கு அது பதிலாகவே படவில்லை. டாக்டரை விட்டுவிட்டு மனைவியைப் பிடித்துக்கொண்டான். அன்றைக்கு என்ன சாப்பிட்டாய், எதையாவது தூக்கினாயா, கால் வழுக்கியதா என்று தினமும் சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் போய் வெவ்வேறு விதமாகக் கேட்டான். "இல்லைங்க" என்பாள். நாலாவது வாரத்தில் அதைச் சொல்வதையும் நிறுத்திவிட்டுத் தலையை மட்டும் ஆட்டினாள். தான் அவளைக் குடைந்தெடுக்கிறோம் என்பது அந்தப் பாவிக்கு உறைக்கவே இல்லை. அக்கறை என்றே நினைத்துக்கொண்டிருந்தான்.

நாற்பது நாள் குழந்தை கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது. அவன் வெளியே கையைப் பிசைந்துகொண்டு நின்றான். கடைசியில் ஒரு வழியாக, திங்கட்கிழமை காலை வீட்டுக்குக் கூட்டிப் போகலாம் என்று நர்ஸ் சொன்னாள். கூடவே ஒரு நிபந்தனையும் போட்டாள்: "வெளியில இப்ப குளிர் ஜாஸ்தி. வண்டி உள்ள கதகதன்னு இருக்கணும். ஆனா காத்து வேகமா அடிக்கக் கூடாது, இரைச்சலும் கூடாது."

அங்கேதான் சிக்கல். அவன் காரில் ஏ.சி.க்கும் ஹீட்டருக்கும் காற்றைத் தள்ளும் ப்ளோயர் படுத்திக்கொண்டிருந்தது. அதன் வேகக் குமிழை ஒன்று, இரண்டு, மூன்றில் வைத்தால் மூச்சே இல்லை. நாலில் வைத்தால் மட்டும் மிக்ஸி ஓடுவது போல ஊளையிட்டுக்கொண்டு அடிக்கும்.

ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்துகொண்டிருந்த மாமியார் சுலபமாக முடித்துவிட்டார். "வாடகைக் கார்காரர்கிட்ட சொல்லி வச்சிருக்கேன் மாப்ள. திங்கக்கிழமை காலையில ஏழு மணிக்குள்ள வேணுமா வேண்டாமான்னு சொல்லணுமாம்."

"வேண்டாம் அத்தை. நானே சரி பண்ணிடறேன்."

"போன வாரமும் இதையேதான் சொன்னீங்க."

உண்மைதான். போன வாரம் போனில் வீடியோ பார்த்து, ரெசிஸ்டர் என்ற சின்னச் சாமானை வாங்கி மாட்டியிருந்தான். ஒன்று முதல் மூன்று வரை அதன் வழியாகத்தான் மின்சாரம் போய் மோட்டாரின் வேகம் குறைகிறது. நாலில் அதைத் தொடாமல் நேராகப் போய்விடுகிறது. அதனால் நாலு மட்டும் வேலை செய்தால் ரெசிஸ்டர் போய்விட்டது என்று அர்த்தம். கண்டுபிடித்ததெல்லாம் சரி. மாட்டிய மூன்றாம் நாள் புதிய ரெசிஸ்டரும் கருகி, காருக்குள் தீய்ந்த வாடை அடித்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை உதிரிபாகக் கடையில் போய் நின்றான். கடைக்காரர் கருகியதை மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"இருக்கறது ஒண்ணுதான் சார். இதுவும் கருகிடுச்சுன்னா தலைகீழா நின்னாலும் புதன்கிழமைக்கு முன்னாடி கிடைக்காது."

"மோட்டார் நல்லாத்தானே சுத்துது? அப்புறம் ஏன் கருகுது?"

"ப்ளோயர் காத்து மேல பட்டுட்டே இருந்தாத்தான் இந்த ரெசிஸ்டரோட சூடு தணியும். காத்து சரியா வரலன்னா வெந்து போயிடும். எங்கயோ அடைச்சிருக்கு. முதல்ல அதைப் பாருங்க, அப்புறம் இதை மாட்டுங்க."

தெருவோரம் காரை நிறுத்தி, கதவைத் திறந்து போட்டு, முன்சீட்டுக்கு எதிரே டாஷ்போர்டின் கீழே தலையை நுழைத்துக்கொண்டு படுத்தான். காகிதங்கள் வைக்கும் பெட்டியைக் கழற்றினான். அதன் பின்னால் காற்றை வடிகட்டும் ஃபில்டர். அதை உருவினான். கூடவே சாம்பல் நிறத்தில் ஒரு ஸ்பாஞ்சு வந்தது. ஃபில்டரின் அளவுக்கு, மூலைகூடப் பிசகாமல் வெட்டிய இரண்டு அடுக்கு ஸ்பாஞ்சு. பாட்டில் உடையாமலிருக்கப் பெட்டியில் வைக்கும் அவனுடைய கம்பெனி ஸ்பாஞ்சு.

அவனேதான் வைத்தான். கர்ப்பத்தின் மூன்றாம் மாதத்தில் மனைவிக்குத் தெருவில் எந்த வாடை வந்தாலும் குமட்டியது. காருக்குள் ஒரு நாற்றமும் வரக் கூடாது என்று ஒரு சாயங்காலம் முழுக்க உட்கார்ந்து வெட்டி அடைத்தான். "எனக்காக இவ்வளவு மெனக்கெடறீங்களே" என்று அவள் சொன்னதில் உச்சி குளிர்ந்துபோய், அதோடு மறந்தும் விட்டான். வாடையை மட்டுமா நிறுத்தியது அந்த ஸ்பாஞ்சு? காற்றையே அல்லவா நிறுத்தியிருந்தது!

ஸ்பாஞ்சை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தான். ஊர் பாட்டிலில் எல்லாம் விரிசல் தேடியவனுக்குத் தன் கைவேலை கண்ணில் படவில்லை. இத்தனைக்கும் கெடுக்க நினைத்துச் செய்ததா? இல்லையே. ஆசையாகச் செய்தது. இப்போது யாராவது வந்து, 'என்ன செய்தாய், ஏன் செய்தாய், நன்றாக யோசித்துச் சொல்' என்று தினமும் கேட்டால் எப்படி இருக்கும்? அவள் முகம் ஞாபகம் வந்தது. வெட்கத்தில் காது சுட்டது.

ஃபில்டரைத் தட்டித் தூசி போக்கி மாட்டினான். ரெசிஸ்டரை இரண்டு திருகாணி போட்டு முடுக்கினான். இஞ்சினை ஓடவிட்டுக் குமிழை ஒன்றில் வைத்தான். சத்தமே இல்லை. கையை நீட்டினான், வெதுவெதுவென்று காற்று விரல்களுக்கு நடுவே போனது. நம்பாமல், வீட்டுத் தெர்மாமீட்டரை எடுத்து வந்து அதன் முன்னால் பிடித்தபடி ஒரு மணி நேரம் காருக்குள்ளேயே இருந்தான்.

மாமியார் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். "என்ன மாப்ள, காருக்குக் காய்ச்சலா?"

"குணமாயிடுச்சு அத்தை. வாடகைக் கார் வேண்டாம்னு சொல்லிடுங்க."

மறுநாள் காலை மாமியார் வீட்டைச் சூடாக்கி வைக்கத் தங்கிவிட்டார். லென்ஸ் ஆஸ்பத்திரி வாசலில் காரைப் பத்து நிமிடம் ஓடவிட்டு வைத்திருந்தான். மனைவி குழந்தையோடு பின்சீட்டில் ஏறினாள். கதவைச் சாத்தியதும் குளிர் வெளியே நின்றுவிட்டது. அவள் குழந்தையின் பாதத்தைத் தொட்டுப் பார்த்தாள்.

"நல்லா சூடா இருக்கு. என்ன ஆயிருந்துச்சாம்?"

மென்று விழுங்காமல் சொல்லிவிட்டான். "நான்தான் கெடுத்தேன். உனக்கு வாடை வரக் கூடாதுன்னு ஸ்பாஞ்சு வச்சேன் பாரு, அது காத்தை அடைச்சிடுச்சு."

அவள் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தான். அவள் கண்ணாடி வழியே வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நானும் ஒண்ணு சொல்லணும்" என்றாள். "இவ பொறக்கறதுக்கு முந்தின நாள் அலமாரியைத் தனியா நகர்த்தினேன். தொட்டில் வைக்க இடம் பத்தலன்னு. நீங்க கேக்கும்போதெல்லாம் இல்லன்னு பொய் சொன்னேன். அதனாலதான் ஆச்சோ என்னவோ."

நாற்பது நாளாக அவன் துருவித் துருவித் தேடியது இதைத்தான். கைக்கு வந்தே விட்டது. அவனுக்கு அது வேண்டியிருக்கவில்லை.

"இல்லம்மா. குறிப்பா ஒரு காரணமும் சொல்ல முடியாதுன்னு டாக்டர் அன்னிக்கே சொல்லிட்டாரே. நான்தான் அவர் பேச்சைக் கேக்காம உன்னைப் போட்டு வதைச்சிட்டேன். என் மேலதான் தப்பு. இனிமே எதையும் குடைஞ்சு கேக்க மாட்டேன்."

அவள் ஆஸ்பத்திரியில் சத்தம் போட்டு அழுததே இல்லை. இப்போது வாய்விட்டு அழுதாள். குழந்தை தூக்கம் கலையவில்லை. பின்னால் நின்ற கார் ஹாரன் அடித்தது, மறுபடி அடித்தது. அதன் ஓட்டுநர் இறங்கி வந்து ஜன்னலைத் தட்டி, வண்டியை எடுக்கச் சொல்லிக் கையை ஆட்டினார். கண்ணாடியை இறக்கினால் குளிர் உள்ளே வரும். லென்ஸ் இறக்கவில்லை. பின்சீட்டைக் காட்டி, கொஞ்சம் பொறுங்கள் என்று உள்ளேயிருந்தே கைகூப்பினான்.

அந்த மனிதர் குனிந்து குழந்தையைப் பார்த்தார், அழுகிறவளைப் பார்த்தார், தன் காருக்குத் திரும்பிப் போனார். அவள் அழுது முடிக்கும்வரை லென்ஸ் காரை எடுக்கவில்லை.