சமையலறையில் கேட்ட ஒலிம்பிக்

அத்தை ஒலிம்பிக்கைப் பார்த்ததைவிடக் கேட்டதுதான் அதிகம். கூடத்தில் நாற்காலிகள் தரையில் உரசும் சத்தம் வந்தால் பதக்கம் கிட்டத்தில் இருக்கிறது. எல்லாரும் சேர்ந்து "ச்சே" என்றால் கைநழுவிவிட்டது. யாருமே வாயைத் திறக்கவில்லையென்றால் நான்காவது இடம். அடுப்புக்கும் பாத்திரம் கழுவும் தொட்டிக்கும் நடுவில் நின்று வருஷக்கணக்காகக் கேட்டதில் இதெல்லாம் அவளுக்கு அத்துப்படி.

அவளை அங்கே துரத்தியது ஒரு ஹாக்கி ஆட்டம். அப்போது அவளுக்குக் கல்யாண வயது, பிறகு அந்தக் கல்யாணம் நடக்கவேயில்லை, அது வேறு கதை. தலைக்குக் குளித்துவிட்டு ஈரத் துண்டோடு கூடத்துக்கு வந்து, "எத்தனை கோல்?" என்று கேட்டாள். அந்த நொடியில் நம் ஆள் அடித்த பந்து கம்பத்துக்கு வெளியே போனது. அப்பா திரும்பிப் பார்த்து, "நீ வந்தே, போச்சு" என்றார். விளையாட்டாகத்தான் சொன்னார். அடுத்த ஒலிம்பிக்கில் துப்பாக்கி சுடுதல், கடைசிக் குண்டு. குடையை எடுக்க வந்தவள் ஒரு நிமிஷம் நின்றாள், குண்டு குறி தப்பியது. அதற்கடுத்த முறை கதவிடுக்கு வழியாகத் தொடர் ஓட்டத்தை எட்டிப் பார்த்தாள். கையிலிருந்த கட்டையைக் கீழே போட்டாள் நம் பெண் ஒருத்தி. அவ்வளவுதான், வீடு தீர்ப்பு எழுதிவிட்டது. இவள் கண் பட்டால் ஜெயிக்கிறதும் தோற்கும். அப்பா போன பிறகு வீட்டோடு சேர்த்து அந்தத் தீர்ப்பையும் தம்பி எடுத்துக்கொண்டான்.

சரி, அவள் சமையலறையில் அடைந்து கிடந்தபோது தோற்றதெல்லாம் எந்தக் கணக்கு? கேட்டால் தம்பி, "நீ எட்டிப் பாத்திருப்பே" என்பான். இந்த வழக்கை எந்தக் கோர்ட்டுக்குக் கொண்டுபோவது? நம் நாடு இல்லாத போட்டி என்றால் மட்டும் கூடத்தில் உட்காரலாம். ஊரான் ஜெயிப்பதைப் பார்க்க அனுமதி உண்டு. அதனால் உலகத்தில் உள்ள அத்தனை நாட்டுக் கொடியும் அவளுக்குத் தெரியும், தன் நாட்டுக் கொடி மேலே ஏறுவதை மட்டும் ஒருமுறைகூட நேரலையில் உட்கார்ந்து பார்த்ததில்லை. எரிச்சலாக வரும். யாரிடம் காட்ட, பாத்திரத்தின் மேல்தான் காட்டுவாள்.

இந்தமுறை வந்ததோ வாத்து. வாத்து தம்பியின் மகள், நடைப் போட்டிக்காரி. இடுப்பை ஆட்டி ஆட்டி வேகமாக நடப்பதைப் பார்த்துத் தெருப் பிள்ளைகள் வைத்த பெயர் அது, வீட்டிலும் ஒட்டிக்கொண்டது. அந்தப் போட்டியில் ஓடக் கூடாது. முன்னால் வைக்கும் காலில் முட்டி மடங்கவும் கூடாது. மடங்கினால் நடுவர் சிவப்பு அட்டை கொடுப்பார், மூன்று விழுந்தால் ஓரமாக நிற்க வைத்துவிடுவார்கள், பதக்கத்தை மறந்துவிட வேண்டியதுதான். தினமும் காலையில் வேலைக்குப் போகுமுன் அத்தைதான் ஸ்கூட்டரில் பின்னாலேயே போவாள். சீருடை தைக்கும் கம்பெனியில் துணி வெட்டும் மேஜை அவளுடையது. நாள் முழுக்கப் பேன்ட் வெட்டுகிறவள் கண்ணுக்கு ஒரு முட்டி மடங்குவது தப்புமா? "வாத்து, இடது" என்று கத்துவாள். அப்படிப் பார்த்துப் பார்த்துத்தான் பெண் ஒலிம்பிக் வரைக்கும் போனாள். அந்தக் கண்ணுக்கு மட்டும் ராசி பற்றி யாரும் பேசவில்லை.

போட்டி ஞாயிற்றுக்கிழமை. சனிக்கிழமை சாயங்காலம் தம்பி வாசற்படியில் வந்து நின்று கழுத்தைச் சொறிந்தான். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவன், ஹாரன் அடிக்காமல் அவனுக்கு எதையும் ஆரம்பிக்கத் தெரியாது.

"அக்கா, நாளைக்கு நீ..."

"சமையக்கட்டுல இருக்கேன். தெரியும்."

"அது இல்லக்கா. வீட்டுக்குள்ளயே வேணாமேன்னு பாக்கறேன். ரெண்டு மணி நேரம் எங்கயாவது காலாறப் போயிட்டு வந்துடேன்."

"ஏன்டா, செவுத்தைத் தாண்டியுமா என் கண்ணு பாயுது?"

தம்பி மனைவி பின்னாலிருந்து சொன்னாள். "கோவிச்சுக்காதீங்க அண்ணி. பொண்ணு விஷயம். எங்களுக்குப் பயமா இருக்கு."

"ஆமா, உங்க பொண்ணு. நான் யாரோ எவளோ."

ஆனாலும் சரி என்றுதான் தலையாட்டினாள். வாத்து தோற்றுவிட்டால் காலம் முழுக்க இவர்கள் வாயில் விழுந்து எழவேண்டும். அதைவிடக் கேவலம், மனசின் ஒரு மூலையில் அவளும் அதை நம்பினாள். அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

மறுநாள் காலையில் பஸ் நிலையத்தில் பயணிகள் காத்திருக்கும் அறைக்குப் போனாள். அங்கே உயரத்தில் ஒரு டிவி. அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். பார்க்கத்தானே கூடாது, கேட்கலாமே. அறிவிப்பாளர் ஏதேதோ பெயர்களைச் சொன்னார், நடுவில் வாத்தின் பெயரும் வந்தது. ஐந்தாவது இடம். ஒரு சிவப்பு அட்டை. கொஞ்ச நேரம் கழித்து இரண்டாவது. இன்னும் ஒன்று விழுந்தால் முடிந்தது. அத்தை பையின் வாரைத் திருகிக்கொண்டிருந்தாள். திடீரென்று அறிவிப்பாளர் குரல் போய் சினிமாப் பாட்டு வந்தது.

கேன்டீன்காரர் கையில் ரிமோட் இருந்தது.

"ஏங்க, மாத்தாதீங்க. பாத்துட்டிருக்கேன்."

"இதையாம்மா? சும்மா நடக்கறாங்க. வெளியில பஸ்ஸுக்கு எல்லாரும் இப்படித்தான் நடக்கறாங்க."

"அதுல ஒருத்தி எங்க வீட்டுப் பொண்ணு."

அவர் அவளை மேலும் கீழும் பார்த்தார். "அப்ப ஏன் முதுகைக் காட்டிட்டு உக்காந்திருக்கீங்க?"

அத்தை வாயைத் திறந்தாள். ஈரத் துண்டிலிருந்து ஆரம்பிக்க வேண்டும், குடை, கதவிடுக்கு, அப்பா. சொல்லச் சொல்ல அது எவ்வளவு பைத்தியக்காரத்தனமாக இருக்கும் என்று நினைத்ததுமே அவளுக்கு முகம் சூடாகிவிட்டது. எழுந்து நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டாள். "பழையபடி போடுங்க" என்றாள்.

வாத்து நான்காவதாக வந்துகொண்டிருந்தாள். முகம் வெளுத்திருந்தது. வளைவில் திரும்பும்போது இடது முட்டி லேசாகத் தளர்ந்தது.

"வாத்து, இடது."

தூங்கிக்கொண்டிருந்த ஒரு பயணி எழுந்துவிட்டார். அத்தை கண்டுகொள்ளவில்லை. கடைசிச் சுற்றில் முன்னால் போனவள் ஓரமாக நிறுத்தப்பட்டாள், அவளுக்கு மூன்றாவது அட்டை. வாத்து அவளைத் தாண்டி, முட்டியை விறைப்பாக வைத்துக்கொண்டு, மூன்றாவதாகக் கோட்டைத் தொட்டு அப்படியே தரையில் உட்கார்ந்தாள். கேன்டீன்காரர் கை தட்டினார். அத்தைக்கு அழுகை பொங்கியது, கூடவே கோபமும். இதையா இத்தனை காலம் பார்க்க விடாமல் வைத்திருந்தார்கள்.

உடனே தம்பி கூப்பிட்டான். "அக்கா, நம்ம வாத்து மூணாவது. வெண்கலம்க்கா."

"பாத்தேன்."

"எதை?"

"உன் பொண்ணு ஜெயிச்சதை. ரெண்டு கண்ணாலயும். பஸ் ஸ்டாண்டுல."

அவன் மூச்சு விடுவது கேட்டது. "அதானே பாத்தேன். அங்கெல்லாம் டிவி கொஞ்சம் லேட்டா வரும்க்கா. நீ பாக்கறதுக்கு முன்னாடியே நிஜத்துல முடிஞ்சிருக்கும். நல்லவேளை. அடுத்த தடவையும் அங்கயே போயிடு, ராசியான இடம்."

அவள் போனை வைத்தாள். தோற்றிருந்தால் அவளால், ஜெயித்தால் அவள் இல்லாததால். இவனிடம் வாதாடுவதற்குச் சுவரில் முட்டிக்கொள்ளலாம்.

மறுபடியும் போன் அடித்தது. வெளிநாட்டு எண்.

"அத்தை, என் கால் எப்படி இருந்துச்சு?"

"ரெண்டு அட்டை விழுந்தும் உனக்குப் புத்தி வரல. வளைவுல இடது முட்டி."

"தெரியும். மூணாவதும் விழுந்துடும்னு பயந்துட்டேன். அப்புறம் ஸ்கூட்டர் பின்னாடி வருதுன்னு நெனச்சுக்கிட்டேன்."

அத்தை, "சாப்பிட்டியா?" என்று மட்டும் கேட்டாள்.

வீட்டுக்கு வந்தபோது டிவியில் போட்டியை முதலிலிருந்து மறுபடியும் காட்டிக்கொண்டிருந்தார்கள். தம்பி தன் நாற்காலியில் சாய்ந்திருந்தான். "வாக்கா, முடிஞ்சு போச்சு, இனி பயமில்ல. நீயும் பாரு."

"எழுந்திரு."

"ஏன்?"

"நீ பாத்துட்டு இருந்தப்பதான் அவளுக்கு ரெண்டு அட்டை விழுந்துச்சு. போ, சமையக்கட்டுல போய் நில்லு."

அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. தம்பி மனைவி அவள் முகத்தைப் பார்த்தாள், பிறகு புருஷனைப் பார்த்தாள். "போங்களேன்" என்றாள்.

அவன் போனான். அத்தை அந்த நாற்காலியில் கால் நீட்டி உட்கார்ந்தாள். வாத்து தொடக்கக் கோட்டில் நின்றிருந்தாள்.

கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து குரல் வந்தது. "எந்தச் சுத்துக்கா?"

அவள் திரையில் இடது முட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன நடக்குது? சத்தமே கேக்கலயே."

அத்தை ரிமோட்டை எடுத்து, சத்தத்தை இன்னும் கொஞ்சம் குறைத்தாள்.