பதினோரு மணி நேரம் பிந்திய கை

எத்திராஜின் வலது கை சரியாகப் பதினோரு மணி நேரம் பிந்தி வேலை செய்தது. மாலை ஆறு மணிக்கு டம்ளரை எடுக்க நினைத்தால், மறுநாள் காலை ஐந்து மணிக்குக் கை எழுந்து, அங்கே இல்லாத டம்ளரை எடுத்தது. 1953 ஐப்பசியில் காசிமேட்டுக்குக் கிழக்கே அவனுடைய கட்டுமரம் கவிழ்ந்த நாளிலிருந்து இப்படி. அன்று விடியலில் கடலில் விழுந்தவன், பதினோரு மணி நேரம் மரத்தைத் தழுவிக் கிடந்து மாலையில் கரைக்கு வந்தான். அவனோடு போன மச்சான் பாஸ்கர் வரவில்லை. பாஸ்கரின் இடுப்பில் கட்டி, தான் வலது கையில் பிடித்திருந்த கயிறு அறுந்துவிட்டது என்று எத்திராஜ் சொன்னான். குப்பம் முழுவதும் அப்படியே சொன்னது. பாஸ்கரின் அக்காதான் எத்திராஜின் மனைவி குப்பம்மா. காரியம் முடிந்த மறுநாள் அவள் மீன் கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு தெருவுக்குப் போனாள்.

கைக்குக் குப்பம் பழகிவிட்டது. ஒரு மாலை ஏழு மணிக்கு, தெருவில் போன பஷீர் பாய்க்குக் கை தூக்கி சலாம் வைக்க நினைத்தான் எத்திராஜ். மறுநாள் காலை ஆறு மணிக்கு மீன் ஏலத்தில் நின்றபோது கை உயர்ந்தது. இரண்டு கூடை சுறா அவன் பேருக்கு விழுந்தது. “எண்ணூர் பாசஞ்சரே உன் கைக்கு முன்னாடி வந்துடுதுய்யா,” என்றாள் குப்பம்மா, சுறாவைக் கூறு போட்டுக்கொண்டே. கட்டுமரத்தில் அவனுடைய கூட்டாளி சுப்புராயன் சிரிக்கவில்லை. “சித்திர முடியிற வரிக்கும் உன் எடம் உன்துதான் மாமு. அப்பால நான் வேற ஆளு பாக்கணும்.” எத்திராஜுக்குக் கடலைத் தவிர வேறு தொழில் தெரியாது.

ராயபுரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் அழுக்குத் துணி போடும் அறையைக் காலி செய்து, அந்த வருடம்தான் தங்கபுஷ்பத்துக்குக் கொடுத்திருந்தார்கள். அவள் வெங்காய மண்டி ராசையாவின் மகள். பம்பாயில் புதிதாகத் தொடங்கிய தொழில்வழிச் சிகிச்சைப் படிப்பை முடித்து வந்தவள். “கூடை முடையச் சொல்லிக் கொடுக்கிறதுக்கு பம்பாய் வரைக்கும் போகணுமா?” என்று பெரிய டாக்டர் கேட்டார். அவள் அறையைக் கழுவி, ஒரு மேசையும் கடிகாரமும் வைத்தாள். நோயாளிகள் அவளை வேலை டாக்டர் என்றார்கள்.

குப்பம்மா அங்கே கொண்டுவந்து சேர்த்த எத்திராஜின் கையை அவள் இரண்டு நாள் கடிகாரத்தோடு பார்த்தாள். “கை கெட்டுப் போகலை அண்ணே. ரொம்பத் தூரத்துல இருந்து வருது. வழியைக் குறைக்கணும்,” என்றாள். மாலை ஆறு மணிக்கு எத்திராஜ் வெறும் மேசை முன்னால் உட்கார்ந்து, மனத்துக்குள் ஒவ்வொரு முடிச்சாக வலை பின்னினான். மறுநாள் காலை ஐந்து மணிக்கு அவள் ஊசியையும் நூலையும் கைக்கு எட்டும்படி வைத்தாள். கை பின்னியது. முதலில் தேங்காய் நார்க் கொச்சக்கயிறு, பிறகு தடித்த நூல், பிறகு மெல்லிய நூல். தாமதம் வாரத்துக்கு ஒரு மணி நேரம் குறைந்தது. பெரிய டாக்டர் வாசலில் வந்து நின்று பார்த்துவிட்டு, இன்னொரு மேசை அனுப்பினார்.

மாசிக் கடைசியில், நினைத்த நொடியே கை பிடித்தது. தங்கபுஷ்பம் பதிவேட்டில் ‘குணம்’ என்று எழுதி, கையெழுத்துப் போடப் பென்சிலைக் கொடுத்தாள். அவன் போட்டான். பென்சிலைத் திருப்பித் தர முடியவில்லை. அது பதினோரு மணி நேரம் அவன் கையிலேயே இருந்தது. அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. தினமும் வேலை முடிந்ததும் அவன் விரல்களைப் பிரித்து ஊசியை எடுத்தது அவள். பிடிப்பதை மட்டும் அளந்திருந்தாள். விடுவதை அவனுக்குப் பதிலாக அவளே செய்திருந்தாள். ‘குணம்’ என்பதை அடித்துவிட்டு, ‘என் பிழை’ என்று எழுதினாள்.

எந்த வேலை கொடுத்தும் விடுவது ஒரு நிமிடம்கூடக் குறையவில்லை. “கயிற வுட வேண்டிய நேரத்துல வுடலன்னா மரத்துல கீறவன் அத்தினி பேரும் காலி, மாமு,” என்றான் சுப்புராயன். ஒரு நாள் தங்கபுஷ்பம், கடலுக்குப் போகும் நாளை முதலிலிருந்து கடைசிவரை சொல்லச் சொன்னாள். மரம் கட்டுவது, தள்ளுவது, வலை விடுவது, கரை சேர்வது எல்லாம் சொன்னான்.

“அப்புறம்?”

“அப்பால இன்னா, டாக்டரம்மா. வூடுதான்.”

“மரத்த யாரு அவுப்பா? உன் நைனாவா?” என்றாள் வாசலில் நின்ற குப்பம்மா. கரைக்கு வந்ததும் கயிற்றை அவிழ்த்து, கட்டைகளைத் தனித்தனியாகக் காயப் போடுவார்கள். அதை எத்திராஜ் சொல்லவில்லை. பின்னாளில் அந்த அறை மூன்று அறைகளாகி, தங்கபுஷ்பத்திடம் படித்த பெண்கள் எண்ணூர் வரை வேலைக்குப் போனபோது, நோயாளி தன் வேலையில் எதைச் சொல்லாமல் விடுகிறார் என்பதைத்தான் முதலில் குறித்துக்கொண்டார்கள்.

சித்திரை இருபத்தெட்டாம் நாள் காலை சுப்புராயனும் எத்திராஜும் கட்டுமரத்தில் கரையோரமாகக் கொஞ்ச தூரம் போய்த் திரும்பினார்கள். மணலில் தங்கபுஷ்பமும் குப்பம்மாவும் காத்திருந்தார்கள். எத்திராஜ் மரத்தை அவிழ்க்கக் கயிற்றின் நுனியைப் பிடித்தான். கை மூடிக்கொண்டது. சுப்புராயன் மணலில் உட்கார்ந்து பீடி பற்றவைத்தான். எத்திராஜின் கைக்குக் காத்திருப்பது எல்லோருக்கும் வழக்கம்தான். “யோவ், சாயங்காலம் வரிக்கும் இங்கியே நிக்கப் போறியா? கூடைய யாரு தூக்கி வுடறது?” என்றாள் குப்பம்மா. தங்கபுஷ்பம் இந்த முறை விரல்களைப் பிரிக்கவில்லை. தன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள்.

“பாஸ்கருக்குக் கட்டினதும் இந்த மாதிரிக் கயிறா அண்ணே?”

“ஆமா.”

அவன் குப்பம்மாவின் பக்கம் திரும்பினான். பிறகு வாயைத் திறந்தான். சொல் வருவதற்கு ஒரு மூச்சு முன்னாலேயே கை விரிந்து கயிறு மணலில் விழுந்தது. சுப்புராயன் பீடியை அணைத்துவிட்டு அடுத்த முடிச்சை அவிழ்க்கக் குனிந்தான்.

“கயிறு அறுந்து போவல, குப்பம்மா,” என்றான் எத்திராஜ். “நான்தான் வுட்டேன்.”