கீல் ஆறும் வரை

“நீ வண்டியிலயே இரும்மா ரேவதி. நல்ல நேரம் முடியட்டும்,” என்று கெஞ்சுவதுபோல் சொல்லிவிட்டு, சரோஜா அவள் முகத்தைப் பார்க்காமல் புது வீட்டுக்குள் போய்விட்டாள்.

செங்கம் ரோட்டை ஒட்டிய அந்த வீட்டுக்கு அன்று கிரகப்பிரவேசம். கேட் மாட்டாத வீட்டில் பால் காய்ச்சக்கூடாது என்று சரோஜாவின் கணவர் ராஜமாணிக்கம் பிடிவாதமாக இருந்தார். அந்தக் கேட்டுக்கு மூலைமுடுக்கு விடாமல் வெல்டு வைத்தது ரேவதிதான். கணவன் இறந்தபின் பட்டறையை அவள்தான் நடத்துகிறாள். ஆனால் நல்ல காரியம் நடக்கும் வாசலில் அவள் முகம் படக்கூடாதாம். அப்படிப்பட்ட இடங்களில் கொழுந்தன் குமரேசன் முன்னால் நிற்பான். அவள் தெருவில் மினி லாரியில் உட்கார்ந்திருப்பாள். இன்று தன் கேட்டைத் தானே மாட்ட ஆசைப்பட்டாள்.

“மாடிக்குக் குடிவரப்போற வெள்ளக்காரம்மாவுக்கும் வூட்டுக்காரர் தவறிட்டாருங்க. அவங்கள முன்னால உக்கார வெச்சிருக்கீங்களே?” என்று வாசலில் நின்ற ராஜமாணிக்கத்திடம் கேட்டாள்.

“அவங்க ஃபாரின்மா,” என்றார் அவர். சாஸ்திரம் பாஸ்போர்ட் பார்க்கும் என்பது ரேவதிக்கு அப்போதுதான் தெரிந்தது.

கேட்டை இரண்டு பேர் தூக்கிப் பிடித்தார்கள். தூணில் பதித்திருந்த தகட்டோடு கீலை ஒட்டவைக்க வேண்டும். குமரேசன் மிக் வெல்டிங் கன்னை எடுத்து விசையை அழுத்தினான்.

மிக் வெல்டிங்கில் சத்தமே பாதி சேதி சொல்லிவிடும். கன்னை இரண்டு கையாலும் பிடித்து, முழங்கையை எதிலாவது ஊன்றி, லேசாகச் சாய்த்து ஒரே வேகத்தில் நகர்த்தினால் எண்ணெயில் அப்பளம் பொரிகிற மாதிரி சீராகக் கேட்கும். குமரேசன் கையில் அது நனைந்த சரவெடி மாதிரி விட்டுவிட்டு வெடித்தது. வைத்த வெல்டு ஆப்பம் போல ஓட்டை ஓட்டையாக இருந்தது.

“குமரேசா, ஃபேன நிறுத்தச் சொல்லு! கேஸெல்லாம் காத்துல போவுது!” என்று லாரியிலிருந்து ரேவதி கத்தினாள்.

ஐயருக்கு வியர்க்கிறதென்று யாரோ பெரிய ஃபேனைக் கொண்டுவந்து வைத்திருந்தார்கள். வெல்டைக் காற்றுப் படாமல் மூடவேண்டிய கேஸை அது ஊதித் தள்ளிக்கொண்டிருந்தது. கேஸே தேவைப்படாத பழைய ராடு வெல்டிங்கிலேயே வளர்ந்த குமரேசனுக்கு ஃபேன் ஒரு பொருட்டாகவே படவில்லை. ஃபேன் நின்ற பிறகும் அவன் ராடை இழுப்பது போலவே ஒற்றைக் கையால் கன்னை இழுத்தான். சுத்தியால் தட்டியதும் கீல் கழன்று விழுந்தது.

“பல்லுல ஒட்டுன மிட்டாய் கூட இத விடக் கெட்டியா நிக்கும்டா,” என்றாள் ரேவதி.

“போங்க அண்ணி, இவ்ளோ பேர் பாத்தா வேல ஓட மாட்டேங்குது.”

ராஜமாணிக்கம் கடிகாரத்தைப் பார்த்தார். கேட்டைப் பிடித்திருந்தவர்கள் அவரைப் பார்த்தார்கள். சாஸ்திரத்துக்குள் சட்டென்று அவருக்கு ஒரு சந்து தென்பட்டது. லாரியருகே வந்து குரலைத் தாழ்த்தினார்.

“ஏம்மா, வெல்டிங் ஹெல்மெட்ட மாட்டிக்கினே வந்துடேன். மூஞ்சி தெரியாது இல்ல?”

ரேவதி மாட்டிக்கொண்டாள். “எனக்கும் ஒண்ணும் தெரியாதுங்க. கறுப்புக் கண்ணாடி. நெருப்பு வந்தாத்தான் கண்ணு தெரியும். யார்னா கையப் புடிச்சிக் கூட்டிம்போவணும்.”

ஆண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கடைசியில் சரோஜாதான் வந்தாள். பட்டுப்புடவையும் தலை நிறைய மல்லிகையுமாக, அவள் ரேவதியின் கையைப் பிடித்து வாசலுக்குள் அழைத்துவந்தாள். யாரோ முக்கியமானவர் வருகிறார் என்று நினைத்த மேளக்காரர் வாசிப்பை உச்சத்துக்கு ஏற்றினார்.

ரேவதி முழங்கையை முட்டியில் ஊன்றினாள். அப்பளம் பொரிந்தது. முடிக்கும் இடத்தில் கன்னை உடனே எடுக்காமல் ஒரு மூச்சு நிறுத்திவைத்தாள். பிடித்திருந்தவர்கள் கையை எடுத்ததும், கேட் வாசலை மூடித் தானாக நின்றது.

“நல்லதும்மா. அப்பிடியே வெளிய போயிடு,” என்றார் ராஜமாணிக்கம்.

ரேவதி ஹெல்மெட்டைத் தூக்கினாள். கூட்டம் மொத்தமும் அவள் முகத்தைப் பார்த்தது.

“கீல் சூடா இருக்குதுங்க. வெளிய போவ இப்ப கேட்டத் தெறந்தா தொங்கிப்பூடும்.”

“எப்ப ஆறும்?”

“பால் காய்ச்சி, சாப்பாடு முடியிற வரைக்கும் ஆவும்.”

ராஜமாணிக்கம் குமரேசனைப் பார்த்தார். ஒரு டீ குடிப்பதற்குள் அது ஆறிவிடும் என்பது அவனுக்குத் தெரியும்.

“ஆமாங்க,” என்றான் அவன். “இன்னும் கொஞ்சம் ஜாஸ்தியே ஆவும்.”

சரோஜா ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து முன்வரிசையில் போட்டாள்.