எலி மூளையில் பச்சைப் புள்ளிகள்

விசாரணை அறைக்கு வெளியே இருந்த பெஞ்சில் ஆய்வக உதவியாளர்கள் இருவரும் ஒட்டி உட்கார்ந்திருந்தார்கள். மைக்ராஸ்கோப்பில் பார்ப்பவள் இளையவள். வரைபடத்தில் புள்ளி வைப்பவளை அவள் வாய்நிறைய அக்கா என்றுதான் கூப்பிடுவாள். இளையவளின் பார்வைக்கு நடுவே இப்போது கறுப்பாக ஏதோ மறைத்தது. எந்தப் பக்கம் திரும்பினாலும் சனியன் கூடவே திரும்பியது. வேலையால் கெட்ட கண் என்று ஒப்புக்கொண்டால் நிர்வாகம் வைத்தியமும் பார்க்கும், வேறு வேலையும் தரும். இல்லையென்றால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

என்ன நாட்கள் அவை! இருட்டறையில் மைக்ராஸ்கோப் விளக்கைப் போட்டதும், எலி மூளையின் மெல்லிய சீவலில் பெப்டைடு என்ற புரதத் துணுக்கு உள்ள நரம்பு செல்கள் மட்டும் பச்சையாய் மின்னும். பார்த்துக்கொண்டிருக்கும்போதே மங்கிவிடும். அதனால் அவள் கண்ணை எடுக்காமல், "இடப்பக்கம் மூணு, கீழ ஒண்ணு" என்று சொல்லச் சொல்ல, அக்கா புள்ளி வைப்பாள்.

"உன் வாய நம்பித்தான் வைக்கிறேன். தப்பாச் சொன்னே, எலி என் கனவுல வந்து சண்டை போடும்டீ."

"வரட்டுங்க்கா. அதோட மூளை நமக்கு இருந்தா இங்க எதுக்கு வந்து மாட்டுறோம்?"

சிரித்த சிரிப்பில் பென்சில் முனை ஒடியும். விளக்கொளி கண்ணைச் சுடாமல் மறைக்க மைக்ராஸ்கோப்பில் மாட்டியிருந்த ஆரஞ்சுக் கண்ணாடி, சீவலை மாற்றும்போதெல்லாம் கையில் இடித்தது. "அதக் கழட்டிப் போடுங்கம்மா, மங்குறதுக்குள்ள முடிக்கணும்" என்றார் பேராசிரியர். கழற்றியவள் அக்காதான்.

உள்ளே கூப்பிட்டார்கள்.

"கண்ணாடிய யாரு கழட்டச் சொன்னது?" என்றார் அதிகாரி.

"நான் சொல்லல. அவங்களா கழட்டியிருப்பாங்க" என்றார் பேராசிரியர்.

"அய்யோ, அக்காவக் கேளுங்க சார்! பக்கத்துலயேதான் இருந்தாங்க."

அக்கா கைப்பையின் ஜிப்பைத் திறந்து திறந்து மூடினாள். அவளுடைய ஒப்பந்தத்தை நீட்டிக்கும் கையெழுத்தும் பேராசிரியர் போட வேண்டியதுதான்.

"நான் குனிஞ்சு வரைஞ்சுக்கிட்டிருந்தேன் சார். எனக்கு ஒண்ணும் தெரியாது."

 அதிகாரி அதையே எழுதிக்கொண்டார்.

வெளியே வந்தபோது மாடிப்படியின் விளிம்பு இளையவளுக்குத் தெரியவில்லை. தடுமாறியவளின் முழங்கையை அக்கா ஓடிவந்து பிடித்துக்கொண்டாள்.

"மெதுவா வைம்மா. இங்க ஒரு படி... இன்னும் ஒண்ணு."

அந்தக் குரலை நம்பி அவள் காலை எடுத்து வைத்தாள்.